ஒரு பெட்டியா, மூன்று பெட்டியா

மூன்று வாரமாக அந்த வீட்டில் இதே பேச்சுதான். ஹாலில் வரப்போவது ஒரு பெட்டியா, மூன்று பெட்டியா?

கிரேன்காரருக்கு மூன்று வேண்டும். பாட்டைப் படிக்க ஒரு பிளேயர், அதைச் சீராக்க ஒரு ப்ரீஆம்ப், ஸ்பீக்கருக்கு வலுவோடு தள்ள ஒரு பவர் ஆம்ப். தனித்தனியாக இருந்தால் ஒன்றின் இரைச்சல் இன்னொன்றில் ஒட்டாது, ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. அவர் மனைவிக்கு ரிசீவர் போதும். விலை உயர்ந்த ரிசீவராகவே இருக்கட்டும், ஆனால் எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கவேண்டும். ஒரு ரிமோட், ஒரு சுவிட்ச், தூசு துடைக்க ஒரே மூடி.

"மூணு பெட்டி, மூணு ரிமோட்டு. ஒரு பாட்டுக் கேக்க நான் லைசென்ஸ் எடுக்கணும் போல" என்றாள்.

"கிரேனுக்கே லைசென்ஸ் வெச்சிருக்கறவன் பக்கத்துல இருக்கேன். உனக்கு என்ன கவலை?"

அவளுக்கு இந்தச் சண்டை பிடித்திருந்தது. பதினான்கு மாதமாக அந்த வீட்டில் சண்டை போடக்கூட யாருக்கும் தெம்பில்லை. பள்ளிக்கூட ஆபீஸிலிருந்து அவள் வருவாள், சரக்கு யார்டிலிருந்து அவர் வருவார். சாப்பிடுவார்கள், படுப்பார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் அவள் தம்பி இருந்தான், பேசப்படாமல்.

தாயில்லாமல் அவள் கையில் வளர்ந்தவன் தம்பி. கணவரை நச்சரித்து அவனை யார்டில் சேர்த்துவிட்டவளும் அவள்தான். கீழே நின்று கிரேனுக்குச் சைகை காட்டும் வேலை. ஒருநாள் கொக்கியில் தொங்கிய இரும்புக் குழாய்க் கட்டு இறங்கிக்கொண்டிருந்தபோது, சுமைத் தொழிலாளி ஒருவன் அதன் அடியில் வந்துவிட்டான். கட்டு விழுந்து அங்கேயே செத்தான். இருபத்தாறு வயது. கட்டு நடுவில் மறைத்ததால் மேலே கேபினில் இருந்த கிரேன்காரருக்குத் தம்பியின் கையும் தெரியாது, ஆளும் தெரியாது. விசில் ஒன்றுதான் வழி. விசில் ஊதினேன் என்றான் தம்பி. எனக்குக் கேட்கவில்லை என்றார் கிரேன்காரர். அந்த இரைச்சலில் மற்றவர்கள் யாரும் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. ஒருபக்கம் இருபத்தோரு வருடம் ஒரு கீறல் இல்லாமல் கிரேன் ஓட்டியவர் சொல். இன்னொரு பக்கம் நேற்று வந்தவன் சொல். அவளும் கணவரைத்தான் நம்பினாள். பத்தாம் நாள் தம்பி, தான் ஊதவில்லை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டான். வேலை போயிற்று. அத்தோடு அவளும் அவன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அதனால்தான், மனுஷன் ஏதோ ஒன்றில் ஆசை வைக்கிறாரே என்று, சனிக்கிழமை மத்தியானம் அவரோடு கடைக்குக் கிளம்பினாள்.

கடைக்காரர் பருத்த உடம்பும் மெத்தென்ற குரலும் உள்ளவர். பின்பக்கம் ஜன்னலில்லாத ஓர் அறைக்கு அழைத்துப்போனார். சுவரெல்லாம் துணி ஒட்டி, தரையில் தடித்த விரிப்பு. எதிரே இரண்டு உயரமான ஸ்பீக்கர்கள், நடுவே அடுக்கில் பெட்டிகள். நேர் எதிரில் இருந்த நாற்காலியில் கிரேன்காரர் உட்கார்ந்தார். அவள் பின்னால் சோபாவில்.

கடைக்காரர் கையில் சத்தம் அளக்கும் மீட்டர் ஒன்று இருந்தது. "எது கொஞ்சம் சத்தமா பாடுதோ அதுதான் நல்லா இருக்கறதா காதுக்குத் தோணும். அதனால ரெண்டையும் ஒரே அளவுல வெச்சுத்தான் போடுவேன். இல்லைன்னா நீங்க கேக்கறது பெட்டியை இல்ல, என் வியாபாரத்தை" என்றார். கிரேன்காரருக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. அவரும் அளவு பார்த்து வேலை செய்பவர்தானே.

முதலில் ரிசீவர். இரண்டே மைக் வைத்துப் பதிந்த கச்சேரி அது. எல்லா வாத்தியமும் இரண்டு ஸ்பீக்கரிலும் வந்தது. ஆனாலும் குழல் சற்று இடதுபுறமாகவும் தாளம் வலதுபுறமாகவும் விலகி நின்றன. அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. இதற்குமேல் என்ன வேண்டும் என்று கேட்டாள். "இரு, அவசரப்படாதே" என்றார் அவர்.

பிறகு தனிப்பெட்டிகள். அவை பாட ஆரம்பித்ததும், பவர் ஆம்பை மாற்றி அந்தப் பெரியதைப் போட முடியுமா என்று கிரேன்காரர் கேட்டார். கடைக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு அடுக்கின் பின்னால் குனிந்து வயர்களைப் பிடுங்கி மாட்டினார். மறுபடி அளக்கவில்லை. அதே பாட்டைப் போட்டார்.

கிரேன்காரர் கண்ணை மூடிக்கொண்டார். முகம் மெல்ல மலர்ந்தது.

"இதைத்தான் நான் சொன்னேன். குழல் அந்த ஓரத்துல, தாளம் இந்த ஓரத்துல. நடுவுல எவ்வளவு இடம் பாரு" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

அவள் சிரிக்கப்போனாள், கேலி செய்கிறார் என்று நினைத்து. குழலும் தாளமும் வலது ஸ்பீக்கரிலிருந்து மட்டும் வந்துகொண்டிருந்தன. இடதுபக்கம் கப்சிப்பென்று கிடந்தது.

கடைக்காரருக்கும் அது புரிந்துவிட்டது. ப்ரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவே போகும் இரண்டு வயரில் ஒன்று சரியாக உட்காரவில்லை. ஒரே பெட்டியாக இருந்தால் அப்படி ஒரு வயரே வெளியில் இருக்காது. நாக்கைக் கடித்துக்கொண்டு அதை அழுத்தப் போனவர், கண்மூடித் தலையாட்டும் மனிதரைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். சங்கடமான பார்வை. அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

தெருவில் நடக்கும்போது எப்போதும் அவளை வலதுபுறம் வரச்சொல்வார். போனை வலது காதில்தான் வைப்பார். சாப்பாட்டு மேஜையில் இடதுபக்கம் சுவர் வரும்படி உட்காருவார். இதையெல்லாம் அவள் பழக்கம் என்று நினைத்திருந்தாள்.

எழுந்து கடைக்காரரிடம் போய்க் காதோடு சொன்னாள். அவர் தயங்கினார். பிறகு இடது வயரை மாட்டி, வலது வயரைக் கழற்றினார்.

"கண்ணைத் தொறக்காம சொல்லுங்க. இப்ப எந்தப் பக்கம் பாடுது?"

"என்ன பரீட்சையா? ரெண்டு பக்கமும்தான்."

அவள் பதில் சொல்லவில்லை. அந்த மௌனம் அவரைத் தொட்டிருக்க வேண்டும். "வலது பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றார். அப்புறம் கண்ணைத் திறந்தார். ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை, நேராக அவள் முகத்தைப் பார்த்தார், விடை அங்கே எழுதியிருப்பதுபோல.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். கடைக்காரர் இன்னொரு நாள் சாவகாசமாக வாருங்கள் என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

காரில் கிரேன்காரர் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அவள் இடதுபக்கம் உட்கார்ந்திருந்ததால், அவர் தலையை முழுக்கத் திருப்பித்தான் அவள் பேசுவதைக் கேட்டார். இத்தனை நாளும் அதை அன்பு என்று எடுத்துக்கொண்டிருந்தாள்.

எப்போதிலிருந்து என்று கேட்டாள். மூன்று வருடம் முன்னால் வந்த காய்ச்சலுக்குப் பிறகு, ஒருநாள் காலையில் எழுந்தால் இடது காது செத்துக் கிடந்தது என்றார். வருஷா வருஷம் யார்டில் காதுப் பரிசோதனை உண்டே, அதில் எப்படித் தேறினீர்கள் என்றாள்.

"பரிசோதிக்கிற பொண்ணு பொத்தானை அழுத்தறப்போ தோள் லேசா அசையும். அதைப் பார்த்துக் கையைத் தூக்குவேன்."

அவர் அதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, வெட்கமாகவும் சொல்லவில்லை. யார்டில் ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று சொல்லும் அதே குரல்.

"அன்னைக்குத் தம்பி எந்தப் பக்கம் நின்னான்?"

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். கேபினில் காற்றாடி அவருக்கு வலதுபுறம் இரையும். தம்பி நின்றது இடதுபுறம்.

"ஊதினானான்னு கேட்டாங்க. எனக்குக் கேக்கலைன்னுதான் சொன்னேன். அது பொய் இல்ல."

"சரி. அவன் ஊதியிருப்பான்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

"மொதல்ல தோணுச்சு. அவன் கையெழுத்துப் போட்டதும், ஊதலை போலிருக்குன்னு நானும் நம்பிக்கிட்டேன். அது சௌகரியமா இருந்துச்சு."

அவள் தம்பி வீட்டுக்கு வண்டியை விடச் சொன்னாள். லைசென்ஸ் போய்விடும், இத்தனை வயதில் வேறு என்ன வேலை தெரியும், ஹாஸ்டலில் இருக்கும் மகளின் படிப்பு இன்னும் முடியவில்லை என்று அவர் வழிநெடுக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எல்லாம் நியாயமாகவே இருந்தது. அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருமுனையில், வண்டிகள் போய்வரும் சாலை ஓரமாகக் காரை நிறுத்தினார். இறங்கவில்லை. அவள் மட்டும் போனாள்.

தம்பி மனைவி கதவைத் திறந்தாள். "வாங்க அண்ணி" என்று சொல்லவில்லை; வழியை மட்டும் விட்டாள். தம்பி தரையில் உட்கார்ந்து ஒரு மின்விசிறியைப் பிரித்துப் போட்டிருந்தான். தாடி வைத்திருந்தான். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கடை, வயர், காது, காய்ச்சல். சொல்லும்போது அவன் துள்ளி எழுவான், கத்துவான், ஏதாவது எடுத்து வீசுவான் என்று காத்திருந்தாள். அவன் கையிலிருந்த திருகாணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் ஊதியிருக்கேன்" என்றான், தனக்குத்தானே.

"என்னடா இது? உனக்கே தெரியாதா?"

"தெரிஞ்சுதான் இருந்துச்சு. அப்புறம் நீ வந்து சொன்னியேக்கா, பண்ணின தப்பை ஒத்துக்கிட்டாலாவது மனுஷன்னு சொல்லலாம்னு. நீயே சொல்றன்னா நான் ஊதியிருக்க மாட்டேன்னு தோணுச்சு. நெனைக்க நெனைக்க அந்தச் சத்தமே ஞாபகத்துல இல்லாம போயிடுச்சு."

அவள் தன் வாயாலேயே சொன்ன வார்த்தைதான். எந்த இடத்தில் நின்று சொன்னாள் என்பதுகூட நினைவிருந்தது. அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமையே யார்டு ஆபீஸுக்குப் போய், அவர் சொல்லாவிட்டாலும் நான் சொல்கிறேன், உனக்கு வேலை திரும்பக் கிடைக்கும் என்று என்னென்னவோ பேசினாள். அவன் கேட்டதாகவே தெரியவில்லை. பதில் அவன் மனைவியிடமிருந்து வந்தது.

"வேலை கெடக்கட்டும் அண்ணி. செத்துப்போனவரோட அம்மா கால்ல விழுந்து, உங்க பிள்ளையை நான்தான் கொன்னேன்னு அழுதுட்டு வந்தாரு இவரு. அந்தம்மா இவரை அடிக்கக்கூட இல்ல. மாசா மாசம் போய் அவங்களுக்குத் தண்ணி தூக்கி வெச்சுட்டு வர்றாரு. இதையெல்லாம் யாருகிட்ட திருப்பி வாங்கிக் குடுப்பீங்க?"

தம்பி எழுந்தான். சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தான். அவள் பயந்துபோய்ப் பின்னாலேயே ஓடினாள்.

கார் அதே இடத்தில் நின்றது. இரண்டு பக்கக் கண்ணாடியும் இறக்கியிருந்தது. தம்பி நடைபாதையோடு போய், திறந்திருந்த இடது ஜன்னல் அருகே நின்றான்.

"மாமா" என்றான்.

கிரேன்காரர் முன்னால் பார்த்தபடி இருந்தார். சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"மாமா."

மூன்றாம் தடவை தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கூப்பிட்டான். அவர் தாடையைச் சொறிந்துகொண்டார். தம்பி திரும்பி அக்காவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். ஒரு வருடமாகக் காணாமல் தேடிய ஏதோ ஒன்று, கண்டெடுத்தபிறகு எந்த உபயோகமும் இல்லாமல் கையில் கிடப்பதுபோல் இருந்தது அவன் முகம்.

அவன் காரைச் சுற்றிக்கொண்டு வலதுபக்கம் வந்தான். அவர் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம் மாமா. யார்டுக்குத் திங்கக்கிழமை போய்ச் சொல்லிக்குங்க. இப்ப அந்தம்மா வீட்டுக்கு வண்டியை எடுங்க. அவங்க பிள்ளைக்காக நான் விசில் ஊதினேன், உங்களுக்குக் கேக்கலை. இதை நீங்க சொல்லணும். நான் சொன்னா, தப்பிக்கப் பார்க்கறேன்னு நெனைப்பாங்க."

"அவங்க என்னை என்ன செய்வாங்க?" என்றார் கிரேன்காரர். அறுபது டன் தூக்குகிறவர் குரல் குழந்தைக் குரலாக இருந்தது.

"தெரியாது. என்னை ஒண்ணும் செய்யலை. அதுதான் கஷ்டம்."

அவர் மனைவியைப் பார்த்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை அவள் சொல்லமாட்டாளா என்ற பார்வை. இருபது வருடத்தில் அந்தப் பார்வைக்கு அவள் இணங்காமல் இருந்ததில்லை. முன்கதவைத் திறந்து ஏறி, மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவர் சாவியைத் திருகினார். அந்தம்மா வீட்டுக்கு வழி தெரிந்தவன் தம்பி ஒருவன்தான். அவன் பின்கதவைத் திறந்து, தான் சொல்வது அவருக்குக் கேட்கவேண்டுமே என்று, வலதுபக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டான்.