ஆறாம் நம்பர் கட்டிலின் ரிப்போர்ட்

மகாதேவன் இருபத்திரண்டு வருஷமாக டில்லியில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தார். மத்திய அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீஸர், கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ். ஹிந்தி தமக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று அவருக்கு ஒரு நினைப்பு. உண்மையில் அவருடைய ஹிந்தியில் வினைச்சொல் என்பதே கிடையாது. ரொட்டி பெண்பால், தயிர் ஆண்பால் என்று சாதிக்கிற பாஷை அது. வந்த புதிதில் அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் பியூன் முதல் காய்கறிக்காரன் வரை சிரித்தார்கள். யோசித்துப் பார்த்தார். ஆண் பெண் வம்பெல்லாம் வினைச்சொல்லில்தானே வருகிறது? அதையே விட்டுவிட்டால் தீர்ந்தது. "பையா, கரோல் பாக்?" என்றால் ஆட்டோ போயிற்று. "சாய், ஜல்தி" என்றால் டீ வந்தது. இப்படியே இருபத்திரண்டு வருஷம் ஓட்டிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை, எந்தக் காரியமும் நிற்கவில்லை.

எண்பத்தாறாம் வருஷம் மே மாதம் அவருடைய தம்பி வைத்தியைப் பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். வைத்திக்கு நாற்பத்தோரு வயது. மனைவி விஜயலக்ஷ்மியோடும் பதினேழு வயதுப் பெண் ஜலஜாவோடும் லக்ஷ்மிபாய் நகரில் இருந்தான். ஒரு மாதமாக விட்டு விட்டு ஜுரம். பிறகு மூச்சு வாங்கியது, கால் வீங்கியது, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்கினான். எக்ஸ்ரே எடுத்தால் இதயம் பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் பெரிய டாக்டர் மகாதேவனைக் கூப்பிட்டு இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார். இதயமே பெருத்துப் போயிருக்கலாம். அப்படியானால் மாத்திரையும் ஓய்வும்தான், அதிகம் எதிர்பார்க்க முடியாது. இல்லாவிட்டால் இதயத்தைச் சுற்றியுள்ள பையில் நீர் கட்டியிருக்கலாம். ஊசி போட்டு அந்த நீரை எடுத்துவிட்டால் ஆள் அன்றைக்கே எழுந்து உட்கார்ந்துவிடுவான். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். எக்கோ மெஷின் வைத்துப் பார்த்தால்தான் எது என்று தெரியும். வைத்தியை நகர்த்த முடியாது, மெஷின்தான் இங்கே வர வேண்டும். புதன்கிழமை காலை வரும்.

அந்த மெஷினுக்குப் போர்ட்டபிள் என்று பெயர். பார்த்தால் இரும்பு பீரோவுக்குச் சக்கரம் மாட்டிய மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரி முழுக்க அது ஒன்றே ஒன்றுதான். எதிர்க் கட்டடத்து இதயப் பிரிவிலிருந்து இரண்டு ஆட்கள் தள்ளிக்கொண்டு வர வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அது கடகடவென்று வந்து நின்றது. மறுநாள் மெஷினுக்கு வேறெங்கோ வேலை வந்துவிட்டதால் ஒரு நாள் முன்னாலேயே ஓட்டி வந்துவிட்டார்கள். டெக்னீஷியன் பன்ஸிலால் கையில் ஒரு பட்டியல். முந்தின நாள் அவனுக்கு லீவு. அன்றைக்கு என்னென்ன முடிந்தது என்று தெரியாது. உள்ளே எட்டிப் பார்த்தான். டாக்டரும் நர்ஸும் ஒரு நோயாளியின் தொண்டையில் குழாய் செருகிக்கொண்டிருந்தார்கள். கேட்டால் கடித்துக் குதறிவிடுவார்கள். வெளியே பெஞ்சில் இருந்த மகாதேவனிடம் வந்தான்.

"பாபுஜி, சே நம்பர் கா எக்கோ?"

ஆறாம் நம்பர் எக்கோ என்னவாயிற்று என்று கேட்கிறான். அது வைத்தியின் கட்டில். ஜலஜா இருந்திருந்தால் டில்லியிலேயே பிறந்த அவள் பதில் சொல்லியிருப்பாள். அவளை மகாதேவன்தான் மருந்து வாங்கிவர அனுப்பியிருந்தார்.

"டாக்டர் சாப்... கல்," என்றார்.

நாளைக்கு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்பது அவருடைய அர்த்தம். ஹிந்திக்காரனுக்கு நாளைக்கும் கல்தான், நேற்றும் கல்தான். எது என்று வினைச்சொல்தான் சொல்ல வேண்டும். மகாதேவனிடம்தான் அது கிடையாதே.

"அச்சா, கல். டீக் ஹை." பன்ஸிலால் பட்டியலில் ஆறாம் நம்பருக்கு நேரே ஒரு டிக் போட்டான். உள்ளே போய் இரண்டாம் நம்பருக்குப் பார்த்துவிட்டு, மெஷினைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

மகாதேவன் அதைக் கண் நிறையப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு நம் முறை என்று மனதுக்குள் ஒரு தெம்பு. வந்ததுதான் வந்தது, நம் வைத்தியையும் பார்த்துவிடு என்று ஒரு வார்த்தை கெஞ்சியிருக்கலாம். ஆனால் புதன் என்று டாக்டர் சொல்லியிருக்கும்போது செவ்வாயில் போய் நுழைவது அவர் பழக்கத்தில் இல்லை. சர்க்கார் உத்தியோகம் அவரை அப்படி வளர்த்திருந்தது.

புதன்கிழமை காலை சின்ன டாக்டர் இதயப் பிரிவுக்கு போன் செய்தார். ஆறாம் நம்பர் முடிந்துவிட்டதாகப் பதில் வந்தது. நர்ஸ் கேஸ் ஷீட்டில் 'எக்கோ முடிந்தது, ரிப்போர்ட் வர வேண்டும்' என்று எழுதினாள். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்த மகாதேவனிடம், ரிப்போர்ட்டை வாங்கி வரச் சொன்னார்கள். தாம் இல்லாத நேரத்தில் மெஷின் வந்து போயிருக்கிறது என்று நினைத்து அவர் சந்தோஷப்பட்டார்.

காகிதம் தேடுவது அவருக்குக் கைவந்த கலை. இதயப் பிரிவில் இரண்டு கவுண்டர், ஒரு ஆபீஸ், ஒரு ரிக்கார்டு ரூம். எல்லாவற்றையும் குடைந்தார். எடுக்காத படத்தின் ரிப்போர்ட் எங்கே இருக்கும்? பன்ஸிலால் மெஷினோடு வெளியே போயிருந்தான். அவன் பட்டியலில் டிக் இருந்தது, ரிஜிஸ்டரில் பதிவு இல்லை. "வாட் இஸ் திஸ்? எண்ட்ரி இல்லாம எப்படி?" என்று குமாஸ்தாவைக் கிழி கிழியென்று கிழித்தார். கோபம் வந்தால் அவருக்கு ஹிந்தி போய் இங்கிலீஷும் தமிழும்தான் வரும்.

சாயங்காலம் பெரிய டாக்டர் வந்தார். 'ரிப்போர்ட் வர வேண்டும்' என்பதைப் படித்தார். வரட்டும் என்று சொல்லி, வீக்கத்துக்காக நீர் பிரிகிற ஊசியையே தொடரச் சொன்னார். நீர் கட்டிய இதயத்துக்கு அந்த ஊசி கெடுதல் என்பது அவருக்குத் தெரியாததல்ல. நீர் கட்டியிருக்கிறது என்பதுதான் தெரியாது.

வியாழக்கிழமை காலை வைத்திக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. மகாதேவன் ஜலஜாவை இழுத்துக்கொண்டு இதயப் பிரிவுக்கு ஓடினார். "நீ ஹிந்தியில நன்னாத் திட்டு. தொலைச்சுட்டு முழிக்கறான்கள், ராஸ்கல்ஸ்."

பன்ஸிலால் இருந்தான். ஜலஜா கேட்டாள், அவன் சொன்னான், அவள் மறுபடி கேட்டாள். பிறகு பெரியப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"பெரியப்பா, ட்யூஸ்டே இவர் கேட்டப்போ நீங்க கல்னு சொன்னேளா?"

"ஆமா. டாக்டர்தான் நாளைக்குன்னு..."

"நேத்தே ஆயிடுத்துன்னு இவர் நெனச்சுட்டார். எக்கோ எடுக்கவே இல்லை பெரியப்பா."

மகாதேவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஜலஜா அவரைத் தாங்கிப் பிடிக்கவில்லை. பன்ஸிலாலின் கையைப் பிடித்து, "பையா, அபி சலியே, ப்ளீஸ், அபி" என்று, அப்போதே வரச் சொல்லி அழ ஆரம்பித்தாள். அவன் நல்லவன்தான். காத்திருந்தவர்களிடம் கைகூப்பிவிட்டு மெஷினின் ஒயரைப் பிடுங்கினான்.

லிஃப்ட் வர நேரமாயிற்று. சரிவுப் பாதையில் ஒரு சக்கரம் திரும்பமாட்டேன் என்றது. மகாதேவன் தாமும் தோள் கொடுத்துத் தள்ளினார், சட்டை பூராவும் கறுப்பு மசி.

வைத்தியின் மார்பில் கருவியை வைத்ததுமே திரையில் தெரிந்துவிட்டது. இதயம் நடுவில் சின்னதாகத் துடித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் கறுப்பாக ஒரு வளையம். அதுதான் நீர். படிக்காதவனுக்கும் புரியும், அவ்வளவு தெளிவு. சின்ன டாக்டர் பாய்ந்து ஊசியை எடுத்தார். மகாதேவனை வெளியே போகச் சொன்னார்கள். கதவு மூடுவதற்குள் அவர் கடைசியாகப் பார்த்தபோது திரையில் துடிப்பு மந்தப்பட்டிருந்தது.

அரை லிட்டருக்கு மேல் எடுத்தார்களாம். இதயம் திரும்பவில்லை. முக்கால் மணி நேரம் போராடிவிட்டுப் பெரிய டாக்டர் வெளியே வந்தார். ஒரு நாள் முன்னால் தெரிந்திருந்தால் கண்டிப்பாகப் பிழைத்திருப்பார் என்றார். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

விஜயலக்ஷ்மி பெஞ்சில் சாய்ந்து கிடந்தாள். அழுது அழுது குரல் போயிருந்தது. மச்சினரின் சட்டையில் இருந்த மசியைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, ரெண்டு நாளா அந்த ரிப்போர்ட்டுக்கு நாயா அலைஞ்சேளே. கடைசியில மெஷினையே தள்ளிண்டு வந்தேள். என் கூடப் பொறந்தவாகூட இப்படிப் பண்ணுவாளான்னு தெரியலை. அந்தப் பாவிகள்தான் தொலைச்சுட்டான்கள்."

"விஜயம்... அவா தொலைக்கலை. நான்தான்..."

"பெரியப்பா," என்றாள் ஜலஜா. எழுந்து வந்து அவர் முழங்கையைப் பிடித்து வராந்தாவின் கோடிக்கு அழைத்துப் போனாள். பிடி வலித்தது.

"சொல்லாதீங்கோ."

"சொல்லாம எப்படிம்மா? என்னால முடியாது."

"உங்களுக்காகச் சொல்லலை. சொன்னா அம்மா உங்க மூஞ்சியில முழிக்க மாட்டா. அம்மாவுக்கு வெஜிடபிள் வாங்கற ஹிந்திதான் தெரியும். அப்பாவோட பென்ஷன், குவார்ட்டர்ஸ், என் காலேஜ், எல்லாத்துக்கும் யார் போறது? உங்களை விட்டா இந்த ஊர்ல எங்களுக்கு யாருமில்லே." அவள் குரலில் மன்னிப்பு துளிக்கூட இல்லை. "அதனால நீங்க வந்துண்டே இருக்கணும். அம்மா தேங்க்ஸ் சொல்லுவா. கேட்டுக்கணும்."

மகாதேவன் தலையை ஆட்டினார். உடலை எடுத்துப் போவதற்கான படிவத்தோடு நர்ஸ் அவரைத் தேடிக்கொண்டு வந்தாள். பேனாவை வாங்கி, உறவுமுறை என்ற இடத்தில் அண்ணன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.