கேட்காமல் எடுத்த கப்பல்

சுங்கை பெசார் மண்டபத்தில் கோயில் நிதி விருந்து. கங்கா சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது, பக்கக் கதவு வழியாக இரண்டு பேர் ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தார்கள். வண்டியில் மஞ்சள் பட்டு விரித்திருந்தது. அதன்மேல் அவளுடைய சிறிய மரக் கப்பல் இருந்தது.

முதலில், இதே கப்பலை வேறு யாரோ செய்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். பிறகு முன்பக்கத்தில் வெளுத்துத் தெரிந்த பலகையைப் பார்த்தாள். கப்பல் செய்யும் பெட்டியில் வந்த பலகை வளைக்கும்போது முறிந்துபோனதால் வேறு மரத்தில் இழைத்து அவளே ஒட்டிய பலகை அது.

மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்திருந்தவன் அவள் தம்பி ரவீந்திரன். செம்பனைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலின் செயலாளர். அடுத்து ஏலத்துக்கு வருவது தங்கள் குடும்பத்தின் காணிக்கை என்றான். அக்காவே கைப்படச் செய்தது, கோயில் கூரைக்காக மனமுவந்து கொடுத்திருக்கிறார் என்றான். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த பெண் அவள் முழங்கையைத் தட்டி எழுந்து நிற்கச் சொன்னாள். கங்கா எழுந்து நின்றாள். கையெடுத்துக் கும்பிடவும் செய்தாள்.

அன்று காலை ஆலைக்குக் கிளம்பும்போது கப்பல் வீட்டில்தான் இருந்தது. கங்கா செம்பனை ஆலையின் ஆய்வகத்தில் எண்ணெயின் தரம் பார்க்கிற வேலையில் இருந்தாள். ஐம்பதை நெருங்கிவிட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோலசிலாங்கூரில் அவள் வாங்கிய வீட்டுக்கு ரவீந்திரனும் அவன் மனைவி விஷாலினியும் கொஞ்ச நாளைக்கு என்று வந்தவர்கள், அப்படியே தங்கிவிட்டார்கள். கூடத்து அறையில் விஷாலினியின் இணையப் புடவை வியாபாரம் நடந்தது. கார் நிறுத்தும் இடத்தில் ரவீந்திரனின் கோயில் நாற்காலிகள் அடுக்கியிருந்தன. கங்காவின் வேலை மேசை முதலில் கூடத்தில் இருந்தது, பிறகு படிக்கட்டுக்குக் கீழே போனது, கடைசியில் சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் வந்து நின்றது.

அந்த மேசையில்தான் கப்பலைக் கட்டினாள். மாதிரிக் கப்பலுக்கான பலகையும் நூலும் துண்டு துண்டாக அடங்கிய, வெளிநாட்டிலிருந்து தருவித்த பெட்டி. மூன்று பாய்மரம் கொண்ட பழங்காலக் கப்பல். மெல்லிய பலகைகளை வெந்நீரில் ஊறவைத்து, கப்பல் உடம்பின் வளைவுக்கு வளைத்து, துணிக்கிளிப் போட்டுக் காயவிடுவாள். ஒரு பலகை காய்ந்த பிறகுதான் அடுத்தது. கயிறு வேலை இன்னும் கொடுமை. பயறு அளவு மர வில்லையில் மூன்று ஓட்டை, மூன்றிலும் நூலைக் கோத்து, எல்லாக் கயிறும் ஒரே இறுக்கமாக வர வேண்டும். ஒன்று தளர்ந்தாலும் பாய்மரம் ஒருபக்கம் சாயும். ஆலையில் இயந்திரச் சத்தத்திலும் புளித்த பழ வாடையிலும் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, அந்த நூலைப் பிடித்தால்தான் அவளுக்கு மூச்சு சீராகும். அதைப் பற்றி அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. விஷாலினி மட்டும், துணி காயப்போட இடைஞ்சலாக இருக்கிறது என்று இரண்டொரு தடவை சொல்லியிருக்கிறாள்.

ஏலம் சீக்கிரம் முடிந்தது. கோலசிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நூருல் அமீன் பாய் எடுத்தார். கோயில் காரியம் எதற்குக் கூப்பிட்டாலும் தட்டாமல் வருகிறவர். படம் எடுக்க கங்காவையும் கப்பலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தாள். பின்பக்கப் பாய்மரத்தில் அவள் இன்னும் கட்டாமல் தொங்கவிட்டிருந்த கயிறுகளையெல்லாம் ரவீந்திரன் இழுத்து, உடனே ஒட்டும் பசையை ஊற்றி ஒட்டியிருந்தான். பசை காய்ந்து, மெருகேற்றிய மரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒரு கயிறு தப்பான பக்கம் போயிருந்தது.

படத்துக்குச் சிரிக்கச் சொன்னார்கள். அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஏன் சொல்லாமல் எடுத்தாய் என்று கேட்டாள். காரை ஓட்டிக்கொண்டே ரவீந்திரன், சாமி காரியத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது என்றான். எத்தனை பேர் கைதட்டினார்கள், அவள் பெயர் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே என்றும் சொன்னான். வேண்டுமானால் இன்னொரு பெட்டி வாங்கிக்கொள்ளலாமாம். இருபக்கமும் இருட்டில் வயல்கள் ஓடின. எழுந்து நின்று கும்பிட்ட தன் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். தம்பிமேல் வந்த கோபத்தைவிட அந்தக் கைகளின்மேல் வந்த கோபம் அதிகமாக இருந்தது.

மறுநாள் காலை நேராக பாயின் கடைக்குப் போனாள். கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடித் தட்டில் கப்பல் ஏறியிருந்தது. பாய் அவளைக் கண்டதும் சந்தோஷமாக எழுந்து, பார்க்கிறவர்கள் எல்லாம் விசாரிக்கிறார்கள் என்று சொல்லி, ஒரு தே தாரேக் டீ ஆற்றச் சொன்னார். அவள் உட்காரவில்லை. தன்னைக் கேட்காமல் எடுத்தது, அது முடியாத கப்பல், தான் யாருக்கும் கொடுக்கவில்லை என்று நின்றபடியே சொல்லி முடித்தாள். குரல் நடுங்கியது. அழுகிறாள் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்பதே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நேத்து எந்திரிச்சுக் கும்பிட்டீங்களேம்மா," என்றார் பாய்.

"அத்தன பேரு முன்னாடி வேற என்ன செய்றதுன்னு தெரியல பாய்."

பாய் திரும்பிக் கப்பலைப் பார்த்தார். முகத்தில் இருந்த சந்தோஷம் மெல்லப் போனது.

"அப்ப உங்க தம்பி அடுத்தவங்க பொருள எங்கிட்ட வித்திருக்கான். நான் அதத் தட்டுல ஏத்தி வச்சுப் பெருமை பேசிக்கிட்டு இருக்கேன்."

அவருக்கும் கோபம் வந்திருந்தது. அவள் முன்னாலேயே கைப்பேசியை எடுத்து ரவீந்திரனைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. கோயிலுக்குக் கொடுத்தது கொடுத்ததுதான், அதைத் திருப்பிக் கேட்க மாட்டேன், ஆனால் இனிமேல் எந்த விருந்துக்கும் என்னைக் கூப்பிடாதே என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பிறகு அவரே கப்பலைத் தூக்கிவந்து, அவளுடைய மைவி காரின் பின் இருக்கையில் மேசை விரிப்புகளைச் சுருட்டி முட்டுக்கொடுத்து வைத்தார்.

வீட்டு வாசலில் ரவீந்திரன் நின்றிருந்தான். விஷாலினி கதவோரம். கங்கா கப்பலை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"ஊரு முன்னாடி என்னத் திருடனாக்கிட்டியேக்கா," என்றான்.

"நான் ஆக்கல. எடுத்தது நீதான்."

"கேட்டா நீ குடுத்திருக்க மாட்ட லா."

"மாட்டேன். அதனாலதான் கேக்கணும்."

அவன் கோயில் தலைவர் என்ன சொல்வார், கமிட்டியில் எப்படி முகத்தைக் காட்டுவது என்று அடுக்கிக்கொண்டே போனான். கங்கா அவனைத் தாண்டி உள்ளே நடந்தாள். அப்போது விஷாலினி, சமாதானம் செய்கிற குரலில்தான் சொன்னாள்.

"ஒரு பொம்மைக்குப் போயி இவ்வளவா அண்ணி? எப்படியும் உங்களுக்கப்புறம் இங்க இருக்கிறதெல்லாம் எங்களுக்குத்தானே வரும்."

கங்கா நின்றாள். கப்பலைக் கூடத்து மேசையில், புடவைப் பொட்டலங்களுக்கு நடுவே இறக்கி வைத்தாள். வைத்த வேகத்தில் மேல் கயிறு ஒன்று அறுந்து தொங்கியது. விஷாலினி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அவர்கள் அதை எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள் என்பதும் தெரிந்தது. தான் இந்த வீட்டில் உயிரோடு நடமாடுவதே அவர்களுக்கு ஒரு காத்திருப்பு.

"ரவி, ரவாங்லதானே வேல பாக்குற. அங்கேயே வீடு பாரு," என்றாள். "தீபாவளிக்கு முன்னாடி போயிடணும்."

அவன் சிரிக்கப் பார்த்தான். ஒரு கப்பலுக்காகவா என்று கேட்டான். அவள் சொன்னதை மாற்றவில்லை. அடுத்து வந்த வாரங்களில் அவன் கெஞ்சினான், கதவை அறைந்து சாத்தினான், சாப்பிடாமல் இருந்து பார்த்தான். பத்தாங் காலியிலிருந்து சித்தி கூப்பிட்டு, கூடப் பிறந்தவனைத் தெருவில் விடுவாயா என்று திட்டினாள். கங்கா கைப்பேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்து, சித்தி முடிக்கும்வரை காத்திருந்து, சரி என்று சொல்லி வைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை லோரி வந்தது. நாற்காலிகளும் போயின.

அவர்கள் போனால் கோபம் தணியும் என்று நினைத்திருந்தாள். தணியவில்லை. மேசையைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, வெள்ளையாகப் பூத்த பசையை நகப்பூச்சு அழிக்கும் திரவத்தால் துடைத்துப் பார்த்தாள். பசையோடு மெருகும் கரைந்து, மரம் திட்டுத் திட்டாகப் போனது. சிறிய கத்தரிக்கோலை எடுத்துப் பின்பக்கப் பாய்மரத்தின் கயிறுகள் எல்லாவற்றையும் வெட்டினாள். நன்றாகக் கட்டியிருந்தவற்றையும் சேர்த்தே வெட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

தைப்பூசம் கழிந்து கோயில் தலைவர் கார்த்திகேசு வந்தார். செருப்பை வெளியே விட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நடந்தது தெரியாமல் ஏலம் விட்டதற்கு வருத்தம் தெரிவித்தார். பாய் இன்னும் கோயில் பக்கம் வருவதில்லை என்றார். தண்ணீரைக் குடித்துவிட்டு, தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார்.

"கூரை வேலை பாதியில நிக்குதும்மா. அடுத்த விருந்துக்கு, உங்களுக்குச் சம்மதம்னா, இதே மாதிரி ஒண்ணு செஞ்சு தருவீங்களா? கட்டாயம் இல்ல."

கங்கா அவரைப் பார்த்தாள். பெரிய மனிதர், நேரில் வந்து, வாய்விட்டுக் கேட்கிறார். கொஞ்சம் யோசிக்கவும் செய்தாள்.

"முடியாதுங்க," என்றாள்.

அவர் தலையசைத்தார். அவள் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்தார், மழை வரும்போல இருக்கிறது என்று கிளம்பினார். அவரை வழியனுப்பிவிட்டு வந்த கங்கா விளக்கைப் போட்டு, ஊசியில் நூலைக் கோத்தாள்.