சேர் கேட்ட பொருத்தம்

எங்கள் முதலாளி சஜீத் சேர் கொழும்பில் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்த நாளிலிருந்து, கந்தோரில் நாங்கள் எல்லோரும் முதலாளிகள் ஆகிவிட்டோம். "உங்கட வேலைக்கு நீங்கதான் ஓனர். ஓனர் மாதிரி யோசிங்க," என்றார். சம்பளம் மட்டும் பழையபடி வேலைக்காரர்களுக்கு உரியதாகவே வந்தது. திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, மரக்கறி, இறைச்சி என்று சமையல் சாமான் ஏற்றிக் கொடுப்பது எங்கள் கம்பனியின் தொழில். நான் சுகிர்தன், களஞ்சியப் பொறுப்பாளன். ஓனர் மாதிரி யோசிக்கச் சொன்ன அன்று பின்னேரம் நான் யோசித்தது, எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்பதைத்தான்.

அந்தப் பேச்சை உண்மையென்று எடுத்துக்கொண்டவர் ஹுஸ்னியா அக்கா ஒருவர்தான். கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, நாள் முழுக்கப் பில் அடித்து, நின்றுகொண்டே திரும்பிப் போகிறவர். வந்து கதிரையில் இருந்ததும் ஒரு பெருமூச்சு விடுவார். அதைக் கேட்டுத்தான் நாங்களும் வேலையைத் தொடங்குவோம்.

"சுகிர்தன், இப்படியே பில் அடிச்சு அடிச்சு நான் முடிஞ்சு போயிருவன் போல," என்று ஒருநாள் சொன்னார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

அடுத்த கிழமையே துறைமுகப் பாஸ் எடுத்து, சாமான் ஏற்றும் லொறியோடு தானும் கப்பலடிக்குப் போகத் தொடங்கினார். நாங்கள் அனுப்புவதைச் சமைக்கிறார்களா, எறிகிறார்களா என்று சமையற்காரர்களிடம் கேட்டார். நாங்கள் ஒருநாளும் கேட்டிராத கேள்வி அது. கோதுமைக் கப்பலொன்றில் வந்த பிலிப்பைன்ஸ்காரர், தங்கள் ஊரில் சூப்புக்குப் போடும் ஓர் இலையின் படத்தைப் போனில் காட்டி, இங்கே கிடைக்குமா என்று கேட்டாராம். பார்த்தால் முருங்கை இலை. எங்கள் வேலிகளில் கேட்பாரற்று நிற்பது.

சம்பூரில் தோட்டம் செய்யும் இராசமலரை அக்காவுக்குத் தெரியும். இராசமலர் முருங்கை இலையும் கங்குன் கீரையும் கட்டி மூதூர் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். அக்கா அதே பஸ்ஸில் கிண்ணியாவில் ஏறி, மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு வருவார். பிறகு இராசமலரோடு இன்னும் நாலைந்து பெண்கள் சேர்ந்தார்கள். கப்பல்காரர்கள் கம்பனியின் பெயரை விட்டுவிட்டு ஹுஸ்னியாவை விசாரிக்கத் தொடங்கினார்கள். சேர் எங்கள் முன்னால் கைதட்டிப் பாராட்டி, ஒரு கேக்கும் வெட்டுவித்தார். அக்காவின் வேலைதான் இரண்டு மடங்கானது.

அப்போதுதான் சென்னையிலிருந்து ஒரு கப்பல் கம்பனியின் கொள்வனவு அதிகாரி வந்தார். சேகர் என்று பெயர். அக்காவைக் கப்பலடியில் கண்டு கதைத்திருக்கிறார். "மேடம், இங்க வர்ற எங்க கப்பல் எல்லாத்துக்கும் நீங்களே சப்ளை பண்ணுங்க. உங்க பேர்லயே. வியாழக்கிழமை நான் தங்கியிருக்கிற ஹோட்டலுக்கு வாங்க, கையெழுத்துப் போட்டுடலாம்."

அன்றைக்குத்தான் அக்காவின் முகத்தில் களைப்பில்லாமல் நான் கண்டது. ஓடிப்போய்ப் பிரதேச செயலகத்தில் தன் பெயரில் தொழிலைப் பதிந்தார். "இனி எல்லாம் நம்மட பேரில," என்று இராசமலருக்குப் போனில் சொன்னார். எனக்கும் தன் களஞ்சியத்தில் வேலை தருவதாகச் சொன்னார். நான் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"ஒண்டுதான் மிச்சம்," என்றார் அக்கா. "சேரிட்டப் பொருத்தம் கேக்கோணும்."

அக்காவும் சேரும் முஸ்லிம் ஆட்கள்; அவர்களிடம் உள்ள வழக்கம் அது. ஓரிடத்தை விட்டுப் போகும்போதும், தூரப் பயணம் புறப்படும்போதும், பழகியவர்களிடம் போய், ஏதும் பிழை விட்டிருந்தால் மன்னித்துப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்பார்கள். அடுத்தவர் மனம் பொருந்தாமல் தொடங்கிய காரியத்தில் பரக்கத், அதாவது இறைவனின் அருள், இராது என்பார்கள்.

"கையெழுத்து வைச்சிட்டுப் போய்க் கேளுங்கோவன் அக்கா," என்றேன்.

"அது கள்ள வேலை, சுகிர்தன். எனக்கு இந்த வேலையைத் தந்தது சேர்ட வாப்பா. அவங்கட சோத்தைத் திண்டுட்டு ஒளிச்சுப் போக ஏலாது."

செவ்வாய்க்கிழமை சேரின் அறைக்குள் போனார். யார், எந்த ஹோட்டல், என்ன விலை, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். அக்காவைச் சேர் அவர்கள் முறைப்படி ராத்தா என்றுதான் கூப்பிடுவார். எழும்பி நின்று, "ராத்தா, நான் முழு மனசாப் பொருந்திட்டன். அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்," என்றாராம். வெளியே வந்த அக்கா அழுதார். சந்தோசத்தில்தான்.

புதன்கிழமை காலையில் சேர் அந்த ஹோட்டலுக்குப் போனார்.

வியாழக்கிழமை அக்கா புது அபாயா உடுத்துப் போய், போன வேகத்திலேயே திரும்பி வந்து தன் கதிரையில் இருந்தார். அக்கா சொன்னதிலும் குறைந்த விலைக்குச் சேர் கம்பனியின் பெயரில் ஒப்பந்தத்தை முடித்துவிட்டாராம். "வேலையை நீங்கதான் பார்க்கப் போறீங்கன்னு உங்க சார் சொன்னாரே மேடம்," என்று சேகர் ஒன்றும் விளங்காமல் கேட்டிருக்கிறார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேரிடம் போய் நாலு வார்த்தை கேட்போம் என்று எழும்பினேன். என் பிள்ளைகளின் படிப்பு ஞாபகம் வர, திரும்பவும் இருந்துவிட்டேன். அக்கா கோபப்படவில்லை. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே. விட்டுவிட்டுப் போகவும் அவரால் முடியவில்லை. அவர் போனால் சம்பூர்ப் பெண்களின் மூட்டையை இறக்கி எடுக்க இங்கே ஆளில்லை. அதே பஸ்ஸில் அதே மூட்டையோடு வந்துகொண்டிருந்தார், முன்னையிலும் மெலிந்து.

நோன்புக்கு முன் சேர் உம்றாவுக்குப் புறப்பட்டார். மக்காவுக்குப் போகிறவர் யாரையும் விடாமல் பொருத்தம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லோருக்கும் இனிப்புக்கு வட்டிலப்பம் எடுப்பித்து, ஒவ்வொரு மேசையாக வந்தார். "அதெல்லாம் ஒண்டுமில்லை சேர், சுகமாய்ப் போட்டு வாங்கோ," என்றேன் நான். வேறென்ன சொல்ல?

அக்காவின் மேசையடியில் சேர் குரலைத் தணித்தார். "ராத்தா, வியாபாரத்தில சில விசயம் அப்படித்தான் நடந்திரும். நீங்க என்னைப் பொருந்திக்கொள்ளோணும்."

அக்கா பில் அடிப்பதை நிறுத்தினார்.

"நாளைக்கு வாற கப்பலுக்குச் சாமான் எல்லாம் ரெடி, சேர். நான் போறன். திங்கக்கிழமைக் கப்பலுக்கும் போவன்."

"அது எனக்குத் தெரியும்தானே ராத்தா."

"ஆனா நான் பொருந்தல்ல."

சேர் சிரிக்கப் பார்த்தார். மற்ற மேசைகளில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. "ராத்தா, நான் மக்காவுக்குப் போறன்," என்றார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. இந்த மாதமே சம்பளத்தைக் கூட்டித் தருவதாகச் சொன்னார் சேர். 'மனேஜர்' என்று பதவியும் தருவதாகச் சொன்னார்.

"வேலைக்குத்தான் சேர் சம்பளம்," என்றார் அக்கா. குரலில் களைப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. "பொருத்தம் என்ட சொந்தம். இதை விக்க மாட்டன்."

சேர் வட்டிலப்பக் கிண்ணத்தை மேசையில் வைப்பதா, திருப்பிக் கொண்டுபோவதா என்று தெரியாமல் கையில் பிடித்தபடி நின்றார். அக்கா மிச்சப் பில்லை அடிக்கத் தொடங்கினார்.