முனிவரிடம் சொல்லி வைத்த சொற்கள்

மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டதிலிருந்து அக்கா மவுஸைத் தொடவில்லை. தொட்டால் கட்டைவிரலின் அடியிலிருந்து முழங்கை வரை சுள்ளென்று இழுக்கும். சில மாதங்களுக்கு அந்தப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அவள் பார்ப்பது அயல்மொழித் தொடர்களுக்குத் திரையின் அடியில் ஓடும் தமிழ் வசன வரி எழுதும் வேலை. படம், ஒலி அலையைக் காட்டும் மென்பொருள், அகராதி என்று நாள் முழுக்க ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தாவலெல்லாம் இத்தனை காலம் மவுஸால்தான் நடந்தது.

"ஒரு காட்சி என் முன்னாடி செஞ்சு காட்டுங்க. பழைய வேகம் இருந்தா புதுத் தொடர் உங்களுக்குத்தான். இல்லன்னா கொஞ்ச நாள் மத்தவங்க எழுதினதுல பிழை பாருங்க," என்றார் மேற்பார்வையாளர். தன்மையாகத்தான் சொன்னார். ஆனாலும் அது ஒரு படி இறக்கம்தான். ஒரு வரி எங்கே தோன்றி எங்கே மறைய வேண்டும், எந்த மௌனத்தைத் தொடாமல் விட வேண்டும் என்று முடிவு செய்வதற்காகவே அவள் இந்த வேலையில் இருந்தாள். பிழை பார்ப்பவர்களிடம் அதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

தங்கை உதவிக்கு வந்தாள். கணினி மக்கர் செய்கிறது என்று கூப்பிடுகிறவர்களுக்குத் தொலைபேசியில் வழி சொல்வது அவள் பிழைப்பு. அக்காவின் மடிக்கணினியில் மூன்று 'லாஞ்சர்'களை ஏற்றினாள். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் திரை நடுவில் ஒரு கட்டம் வரும். வேண்டிய மென்பொருளின் பெயரில் ஓரிரு எழுத்தை அடித்து என்டரைத் தட்டினால் அது திறந்துகொள்ளும். மவுஸுக்கு வேலையில்லை.

முதலாவதிடம் அகராதி கேட்டால், இணையத்தில் விற்கும் அகராதிகளில் தொடங்கி ஊர்ப்பட்ட விஷயங்களைக் கொட்டியது. தங்கை அதற்கு வாயாடி என்று பேர் வைத்தாள். இரண்டாவது, அக்கா எதை அடிக்கடி திறக்கிறாள் என்று கவனித்து, ஓர் எழுத்திலேயே நீட்டியது. அது கெட்டிக்காரன். மூன்றாவது வெறும் கட்டம். எந்தச் சொல்லுக்கு எது திறக்க வேண்டும் என்று நாமே சொல்லி வைக்காதவரை அசையாது. அது முனிவர்.

"மூணுல எது பிடிச்சிருக்குக்கா?"

"கெட்டிக்காரன்தான். நினைக்கிறதுக்குள்ள திறந்துடுறான்."

"முனிவர் பாவம்."

"எல்லாத்தையும் நானே சொல்லிக் குடுக்கணும். அப்படி ஒருத்தர் ஏற்கெனவே இந்த வீட்டுல இருக்காரு."

"மெதுவாப் பேசு, அத்தான் காதுல விழப்போகுது."

"விழுந்தாலும் நான் போய் விளக்கினாத்தான்டி புரியும்."

மறுநாள் அலுவலகத்தில் மேற்பார்வையாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் வரியைத் தட்டினாள். ஒலி அலை வேண்டியிருந்தது. விசைகளை அழுத்தி எழுத்தை அடித்தாள். கட்டத்தில் 'ழ' என்று விழுந்தது. கீழே எதுவும் வரவில்லை.

அவள் தமிழ் விசைப்பலகையில் இருந்தாள். கெட்டிக்காரனுக்கோ மென்பொருள்களின் ஆங்கிலப் பெயர் மட்டும்தான் தெரியும். நேற்று வீட்டில் இருவரும் திறந்து திறந்து பார்த்தார்களே தவிர, நடுவில் ஒரு வரி தமிழ் அடித்துப் பார்க்கவில்லை.

ஆங்கிலத்துக்கு மாற்றித் திறந்தாள். திரும்ப மாற்ற மறந்தாள். மகனை வழியனுப்பும் தாயின் வசனம் ஆங்கில எழுத்துகளில் உளறலாக ஓடியது. அழித்தாள். மறுபடி மாற்றினாள். அடுத்த முறையும் கட்டத்தில் தமிழே விழுந்தது. மேற்பார்வையாளர் மெல்ல இருமினார். அந்த இருமலில் பதறி, கை தானாகப் போய் மவுஸைப் பிடித்தது.

சுள்.

அவள் சத்தம் போடவில்லை. முகம் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். "நான் ஒரு டீ குடிச்சிட்டு வரேன். நீங்களும் கையைக் கொஞ்சம் ஆற விடுங்க," என்று அவர் எழுந்து போனார்.

அறையில் யாருமில்லை. வெறும் கட்டம் திரையில் அப்படியே நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தானாக எதையும் கற்றுக்கொள்ளாத ஒன்று நினைவுக்கு வந்தது. ஒன்றும் தெரியாதவருக்கு ஆங்கிலமும் தெரியாதுதானே. தங்கையைக் கூப்பிட்டாள்.

"முனிவர அழிச்சிட்டியா?"

"இல்லக்கா, தூங்குறாரு. ஏன்?"

"அவருக்குத் தமிழ்ல சொல்லி வெச்சா கேப்பாரா?"

எதிர்முனையில் தட்டும் சத்தம். தங்கையும் தன் கணினியில் முனிவரை வைத்திருந்தாள். பிறகு ஒரு சிரிப்பு. "கேக்குறாருக்கா. என் கால்குலேட்டருக்குக் 'கணக்குப்பிள்ளை'ன்னு வெச்சேன், எழுந்து வந்துட்டாரு."

அக்கா கெட்டிக்காரனை நிறுத்திவிட்டு முனிவரை எழுப்பினாள். படத்துக்கு 'ப'. ஒலி அலைக்கு 'ஒ'. அகராதிக்கு 'அ'. சொல்லச் சொல்ல, இடது கையால் ஒரு வீட்டை ஒழுங்கு செய்வது போலிருந்தது. கொஞ்சம் நேரம் பிடித்தாலும், வைத்தது வைத்த இடத்தில் இருந்தது.

மேற்பார்வையாளர் இரண்டு கோப்பைகளோடு திரும்பி வந்தார். அவள் காட்சியை முதலிலிருந்து தொடங்கினாள். 'ப'. வரி. 'ஒ'. வரி. விரல்கள் விசைப்பலகையை விட்டு எங்கும் போகவில்லை. மொழியை விட்டும் போகவில்லை. தாய் பேசி முடித்தாள், மகன் பேருந்தில் ஏறினான். பேருந்து போன பிறகும் தாய் அந்த நிறுத்தத்திலேயே நின்றாள். திரையின் அடிப்பகுதி வெறுமையாக இருந்தது. முன்பெல்லாம் இந்த மாதிரி இடங்களில் அக்காவின் கை அடுத்த சொடுக்குக்காக மவுஸின் மேல் விறைத்திருக்கும். இன்று அது மடியில் கிடந்தது.

"இங்க ஒண்ணும் எழுதலையா?"

"அவங்க ஒண்ணும் பேசல சார்."

அவர் அந்தத் தாய் திரும்பி நடக்கும்வரை பார்த்தார்.

"புதுத் தொடர் முழுக்க இப்படித்தான். அப்பாவும் பிள்ளையும் ஒரே வீட்டுல இருக்காங்க, பேசிக்கவே மாட்டாங்க."

"அப்ப எனக்குத்தான் சார் அது."

அவர் தலையசைத்தார். மவுஸை எடுத்து மேசை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அது இருந்த இடத்தில் அவளுடைய டீயை வைத்தார்.