சின்ன கோச்சா, நெட்டையா?

பழைய கோச்சை வீட்டுக்கு அனுப்பி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் அடுத்த கோச் யார் என்ற கேள்வி பேருந்தில், பல் டாக்டர் வாசலில், பள்ளிக்கூட கேட்டில் என்று எல்லா இடத்திலும் அரைபட்டுக்கொண்டிருந்தது. பாஸ்கெட்பால் என்றால் கூடைக்குள் பந்தைப் போடுவது என்பதற்கு மேல் எதுவும் தெரியாதவர்கள்கூட, தலைமை கோச்சுக்கு இருக்கவேண்டிய லட்சணங்களை விரல்விட்டு எண்ணினார்கள். வேலைவெட்டி இல்லாத ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். வேலை எல்லோருக்கும் இருந்தது. அதில்தான் யாருக்கும் மனசு ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு ரசிகர் சங்கம் சலவைக் கடையில் கூடியது. சலவைக் கடைக்காரர்தான் சங்கத் தலைவர். அணியின் ஜெர்சிகளைத் துவைப்பவர் அவர். எவன் ஓடினான், எவன் ஒப்புக்கு நின்றான் என்பதை மற்றவர்கள் பேப்பர் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். அவர் மறுநாள் காலை மூட்டையை அவிழ்த்ததும் மோந்து பார்த்தே சொல்லிவிடுவார். இந்தத் தகுதியை மிஞ்ச ஆள் இல்லாததால் ஒன்பது வருடமாக அவரே தலைவர். விடுமுறை நாளானதால் பெரிய வாஷிங் மெஷின்கள் வாயைத் திறந்துகொண்டு சும்மா நின்றன. துவைக்காத போர்வை மூட்டைகள்தான் நாற்காலி. சங்கத்தில் பதினொரு பேர். பத்துப் பேர் உட்கார்ந்தார்கள், மைக் உட்காரவில்லை.

மைக் என்பது பட்டப்பெயர். லிஃப்ட் மெக்கானிக். ஸ்டேடியத்தின் மேல்வரிசையில் நின்று அவன் கத்தினால் எதிர்ப்பக்கத்து டிக்கெட் கவுண்டரில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். கடந்த எட்டு வருடத்தில் இந்த அணிக்கு மூன்று கோச் மாறியிருக்கிறார்கள். மூன்று பேருக்கும் வழியனுப்பு கோஷம் எழுதியது மைக்தான். அதில் அவனுக்குப் பெருமை உண்டு. போன வெள்ளிக்கிழமை வரை இருந்தது என்று சொல்வதே சரி.

விஷயம் இதுதான். கிளப் நிர்வாகக் குழுவில் நான்கு பேர். இரண்டு பேர் நெட்டை பக்கம். நெட்டை பழைய ஆட்டக்காரன், ஆறடி எட்டு அங்குலம், இன்றைக்கும் தெருவில் போனால் நாலு பேர் கூட நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். மற்ற இரண்டு பேர் சின்ன கோச் பக்கம். சின்ன கோச் எட்டு வருடமாகத் துணை கோச். மூன்று தலைமை கோச்சுகளுக்குக் கீழே வேலை செய்தவள். இழுபறி தீராமல் கடைசியில் செயலாளர், ரசிகர் சங்கம் எந்தப் பெயரைச் சொல்கிறதோ அதுவே முடிவு என்று சொல்லிவிட்டார். ஞாயிறு பன்னிரண்டு மணிக்குள் கடிதம் கிளப் ஆபீசுக்குப் போய்ச் சேரவேண்டும்.

சின்ன கோச் மைக்கின் கூடப்பிறந்த தங்கை. அது சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். காலையில் அவன் பல் துலக்கிக்கொண்டிருந்தபோதே போன் செய்துவிட்டாள்.

"அண்ணா, எனக்கு அந்த வேலை வேணும். இவ்வளவு நாள் யார்கிட்டயும் வாயைத் திறந்து கேட்டதில்ல, உன்கிட்டதான் கேக்கறேன். எனக்காகப் பேச வேண்டாம். ஓட்டு மட்டும் போடு."

"இதைச் சொல்லணுமா?" என்றான் மைக், வாயில் நுரையோடு.

சொன்னானே தவிர, அந்த நிமிஷத்திலிருந்து அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சட்டையை மாற்றினான், மறுபடி பழையதையே போட்டுக்கொண்டான். டூல்ஸ் பையைத் திறந்து, அடுக்கியிருந்ததைக் கலைத்து, திரும்ப அடுக்கினான். மனைவி ஒன்றும் கேட்காமல் பையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

காரணம் வெள்ளிக்கிழமை. ஏழு மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்ட் தரைமட்டத்துக்கு அரை அடி மேலேயே நின்றுவிடுகிறது என்று புகார். சரிபார்க்கப் போயிருந்தான். ஐந்தாவது மாடியில் கதவைத் திறந்தால், கையில் அட்டைப்பெட்டியோடு பழைய கோச். வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். பின்னால் அவர் மனைவி, இன்னும் மூன்று பெட்டிகளோடு. ஓடி ஒளியலாம் என்றால் மைக் நின்றதே லிஃப்டுக்குள். பெட்டிகளை வாங்கி உள்ளே வைத்தான். கீழே போகிறவரை மூன்று பேரும் எண்கள் மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கும்போது அவர் கேட்டார்.

"நீங்கதானே மைக்?"

அவன் தலையாட்டினான்.

"தொண்டையைப் பாத்துக்கங்க. இப்படியே கத்தினா நாற்பத்தஞ்சு வயசுல குரல் போயிடும். என் மாமாவுக்குப் போச்சு."

குத்திக் காட்டியிருந்தால் மைக் தாங்கியிருப்பான். பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டு மறந்தும் இருப்பான். ஆனால் அந்த மனிதர் அக்கறையாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து இரண்டு ராத்திரி அவனுக்குச் சரியான தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் அட்டைப்பெட்டி தெரிந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிற முகம் மட்டும் மாறி, தங்கையின் முகமாக இருந்தது.

"மைக், உக்காருப்பா. நீ நடக்கறதைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது" என்றார் தலைவர்.

உட்கார்ந்தான், எழுந்துவிட்டான்.

சங்கத்துக்கு ஒரு சட்டம் உண்டு. பந்து யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். அதுவும் இருபத்து நான்கு நொடிதான். ஆட்டத்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குமேல் யோசிக்க விடுவதில்லை, கூட்டத்தில் மட்டும் எதற்கு விடவேண்டும் என்பது தலைவரின் வாதம். நேரம் பார்ப்பது ஸ்டீம் பிரஸ்ஸில் இருக்கும் டைமர். சட்டைக் காலர் கருகாமல் இருப்பதற்காக வைத்தது, இங்கே மனிதர்கள் கருகாமல் காப்பாற்றியது. மணி அடித்தால் பாதி வார்த்தையில் இருந்தாலும் பந்தை அடுத்தவருக்குப் போட்டுவிட வேண்டும். ஒருவருக்கு ஒரு முறைதான்.

முதலில் பந்தை வாங்கியவர் ஸ்கூல் வேன் டிரைவர். நெட்டையின் பரம பக்தர்.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நெட்டை உள்ள வந்து நின்னா பசங்க நிமிந்து நிப்பாங்களா மாட்டாங்களா? எதிர் டீம் கோச்சுக்குக் கழுத்து வலிக்கும்யா நிமிந்து பாக்கறதுக்கே! அனுபவம் இருக்கு, பேர் இருக்கு, டிக்கெட் விக்கும். இன்னும் என்ன வேணும்? ஆட்டத்துல அவன்..."

மணி அடித்தது. பந்து மருந்துக்கடை அக்காவிடம் போனது. மாத்திரை எண்ணுகிற கை, பந்தை ஒரு சுற்றுச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டது.

"உயரத்தைப் பாத்து எடுக்கணும்னா வாசல்ல இருக்கற லைட் கம்பத்தை கோச்சாப் போடுங்க. நாலு பேருக்கு முட்டி போயும் கடைசி அஞ்சு மேட்ச்ல மூணு ஜெயிச்சோம். டைம்-அவுட் எடுத்தா பசங்க யார் முகத்தைப் பாக்கறாங்க? கவனிச்சிருக்கீங்களா? சின்ன கோச் முகத்தைத்தான் பாக்கறாங்க. நான் முதல் வரிசையில உக்காந்து பாக்கறவ. அவ பொம்பளைங்கறதுதான் உங்களுக்கு உறுத்துதுன்னா அதை நேராச் சொல்லிடுங்க, மிச்ச நேரத்தை மிச்சப்படுத்தலாம்."

மணி அடிப்பதற்கு முன்பே அக்கா பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டாள். கூட்டம் சூடுபிடித்தது. ஒருவர் வெளியூர்ப் பயிற்சியாளர் ஒருவரின் பெயரைச் சொல்ல, அவருக்கு நம் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று இன்னொருவர் அந்தப் பேச்சை இரண்டே நொடியில் முடித்துவைத்தார். பந்து கைமாறிக்கொண்டே இருந்தது. மைக் மனசுக்குள் எண்ணினான். அக்கா பக்கம் ஐந்து பேர் தேறுவார்கள். டிரைவர் பக்கம் நான்கு. தலைவர் வாயைத் திறக்கவில்லை என்றாலும் முகத்தில் அக்காவின் பேச்சு ஏறியிருந்தது. தன்னையும் சேர்த்தால் தங்கை சுலபமாக ஜெயித்துவிடுவாள்.

சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். அவன் மறுபடி நடக்க ஆரம்பித்தான்.

வரப்போகும் சீசன் அவன் கண்முன்னே ஓடியது. முதல் இரண்டு தோல்விக்கு முணுமுணுப்பார்கள். மூன்றாவதுக்கு மேல்வரிசையில் எவனாவது ஆரம்பிப்பான். இந்த வேன் டிரைவர் சேர்ந்துகொள்வார். தலைவரே கைதட்டுவார். ஆண் கோச்சையே என்னென்ன சொல்லிக் கத்தினார்கள் என்பது கோஷம் எழுதிய அவனுக்குத் தெரியாதா? பெண் என்றால் நாக்கு எங்கெல்லாம் போகும் என்பதும் தெரியும். அவளை அந்த வாய்களில் போட அவனுக்கு மனசு வரவில்லை.

"மைக், நீ பேசலேன்னா பரவால்ல. சொந்தத் தங்கச்சி, நீ என்ன சொல்லுவேன்னு தெரிஞ்சதுதானே" என்று தலைவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

"பந்தைக் குடுங்க" என்றான் மைக்.

கையில் வாங்கியதும் டைமர் ஓடத் தொடங்கியது.

"தங்கச்சிங்கறதுக்காக மறைக்கக் கூடாது. மேட்சுக்கு முன்னாடி அவ எங்க இருப்பா தெரியுமா? பந்து அடுக்கற ஸ்டோர் ரூம்ல, லைட்டை அணைச்சுட்டு, தரையில உக்காந்திருப்பா. பத்து நிமிஷம். ஷட்டர் ரிப்பேருக்குப் போனப்ப என் கண்ணால பாத்தேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா. துணை கோச்சா இருக்கறப்பவே இந்த நடுக்கம். தலைமைப் பொறுப்பு குடுத்தா என்ன ஆகும்? பயந்த சுபாவம். சின்ன வயசுலேர்ந்து எனக்குத் தெரியும். அவளால..."

மணி அடித்தது. பந்தை வாங்க யாரும் கை நீட்டவில்லை. மருந்துக்கடை அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடப்பிறந்தவனே சொல்லும்போது அதற்குமேல் யார் என்ன பேசுவது?

கை தூக்கச் சொன்னார்கள். நெட்டைக்கு ஆறு, சின்ன கோச்சுக்கு ஐந்து. ஆறில் ஒன்று தலைவருடையது. இன்னொன்று மைக்கினுடையது. அவன் கை மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் தாமதமாகத்தான் எழுந்தது, ஆனால் எழுந்தது.

தலைவர் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கடிதம் எழுத உட்கார்ந்தபோது மைக்கின் போன் அடித்தது. வெளியே தெருவுக்கு வந்து எடுத்தான்.

"என்ன ஆச்சுண்ணா?"

"நெட்டை. ஆறுக்கு அஞ்சு."

"ஒரே ஒரு ஓட்டா? யார் அந்தப் புண்ணியவான்?"

பொய் சொல்லியிருக்கலாம். நுனி நாக்கு வரை வந்தது, மென்று விழுங்கினான். "நான்தான்" என்றான். பிறகு நிறுத்த முடியாமல் எல்லாவற்றையும் கொட்டினான். லிஃப்ட், அட்டைப்பெட்டி, மேல்வரிசை வாய்கள், ஸ்டோர் ரூம்.

"ஸ்டோர் ரூமைச் சொல்லிட்டியா?"

"உன் நல்லதுக்குத்தாம்மா. அன்னிக்கு நீ பயந்து போய் உக்காந்திருந்ததை நான்தானே பாத்தேன்."

"பயந்துபோயா?" அவள் குரல் உயரவில்லை. "மேட்ச் தொடங்கறதுக்கு முன்னாடியே நீ கத்த ஆரம்பிச்சிடுவே. அந்த ரூமுக்கு ஜன்னல் கிடையாதுண்ணா. அந்தக் கட்டடத்துலயே உன் சத்தம் கேக்காத இடம் அது ஒண்ணுதான்."

மைக் சலவைக் கடையின் பாதி மூடிய ஷட்டரைப் பிடித்துக்கொண்டான்.

"நான் பழைய கோச்சைத்தானேடா திட்டினேன்... உன்னை ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா?" தங்கையைச் சின்ன வயதில் 'டா' போட்டுக் கூப்பிட்ட பழக்கம் தானாக வந்துவிட்டது.

"போன சீசன் பாதியிலேர்ந்து ப்ளே, ஆட்டத் திட்டம் எல்லாம் நான் போட்டதுண்ணா. 'எந்தக் கழுதைடா இதைப் போட்டது'ன்னு கத்துவியே, அந்தக் கழுதை நான்தான். நான் வெளிய சொல்றேன்னு எத்தனையோ வாட்டி சொன்னேன். கோச் விடல. உங்க அண்ணன் தாங்கமாட்டார், என்னையே திட்டிட்டுப் போகட்டும்னுட்டார்."

தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. எதிர்க்கடையில் யாரோ வாளித் தண்ணீரை வாசலில் வீசினார்கள். மைக்குக்கு வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் தொண்டையின்மேல் வெறுப்பு வந்தது.

"நான் உள்ள போய் மாத்திச் சொல்லிடறேன். இன்னும் கடுதாசி போகல. நான் பேசினா கேப்பாங்க."

"வேண்டாம். நீ பேசி இறக்கி, நீயே பேசி ஏத்தி விட்டா, அந்த வேலையில நான் எப்படி நிக்கறது? விடு." அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சாயங்காலம் ப்ராக்டிஸ். நெட்டைக்கு முதல்லேர்ந்து எல்லாத்தையும் நான்தான் சொல்லித் தரணும்."

போன் நின்றது. அதைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றான். ஷட்டருக்கு அடியில் குனிந்து மருந்துக்கடை அக்கா வெளியே வந்தாள். கையில் கவர். கிளப் ஆபீஸ் அவள் போகிற வழியில்தான்.

"அக்கா" என்றான்.

அவள் ஸ்கூட்டரில் சாவியைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "என்ன? சொல்லு."

சொல்வதற்கு அவனிடம் எவ்வளவோ இருந்தது. வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். அவள் இன்னும் கொஞ்சம் காத்திருந்து பார்த்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். போவதற்கு வழி வேண்டும் என்று ஹார்ன் அடித்தாள், மைக் நகர்ந்து வழி விட்டான்.