பூஜாவும் திவ்யாவும் செய்யாற்றில் நடந்தது

பெருநகர் என்ற கிராமத்தில் ஒருவர் தான் விரும்புகிறவரோடு செய்யாற்று மணலில் நடந்தால், அவர் காலடியில் தண்ணீர் ஊறும். ஒருதலை ஆசைக்கு வெறும் கசிவுதான். இரண்டு பக்கமும் இருந்தால் அடிக்கு ஒரு குடம் மொள்ளலாம். கோடையில் ஊர்ப் பெண்கள் குடத்தோடு பின்னாலேயே போவார்கள். மறைக்க நினைப்பவர்கள் ரோட்டோடு சுற்றிப் போவார்கள்.

பூஜாவுக்கு வீட்டில் வைத்த பெயர் விஜய். அந்தப் பெயரோடு அவள் காஞ்சிபுரத்தில் காலேஜ் படித்த காலத்தில், கூடப் படித்த திவ்யாவோடு ஆற்றில் இறங்கித்தான் பஸ்ஸுக்குப் போவாள். அந்த வருஷங்களில் சித்திரையிலும் ஊருக்குத் தண்ணீர்க் கஷ்டம் இல்லை. பிற்பாடு சென்னையில் வாடகை அறைகளில் படுத்துக்கொண்டு பூஜா நினைத்ததெல்லாம் அந்தக் காலை வேளைகளைத்தான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு திவ்யா முன்னால் நடப்பாள். குதிகாலில் ஈர மணல் ஒட்டியிருக்கும். ஹாரன் கேட்டதும் இருவரும் சிரித்துக்கொண்டே ஓடுவார்கள்.

தான் பெண் என்பதை அவள் முதலில் சொன்னது திவ்யாவிடம். திவ்யா கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டுவிட்டு அவளையே பார்த்தாள். அந்த முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் மறுநாளே பூஜா சென்னைக்குப் பஸ் ஏறினாள். வேலை, சிகிச்சை, ஆபரேஷன் என்று வருஷங்கள் போய், புடவையில் திரும்பி வந்தாள். அம்மா தாயாரம்மாள் சோறு போட்டாள், முகம் பார்க்கவில்லை. ஒரு பொங்கல் அப்படிப் போனது. அடுத்த பொங்கலுக்கு அவளே உத்திரமேரூர் போய்க் கண்ணாடி வளையல் வாங்கிவந்து மகளுக்குப் போட்டுவிட்டாள். போட்ட கையோடு மாப்பிள்ளை தேடினாள்.

தென்னேரி ஜெகன் டிராக்டர் மெக்கானிக். எல்லாம் தெரிந்தே பூஜாவை விரும்பியவன். தாயாரம்மாள் இருவரையும் ஆற்றில் நடக்கவிட்டாள். அவன் அடியில் லேசாகக் கசிந்தது. அவள் அடி காய்ந்தே கிடந்தது. ஜெகன் குனிந்து பார்த்துவிட்டு, கோபமில்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

"பொண்ணுன்னு நானே ஒத்துக்கினேன். பொண்ணுக்கு ஆம்பள மேலதான ஆச வரணும்?" என்றாள் தாயாரம்மாள்.

"நான் யாருன்றது வேற, யார் மேல ஆசைன்றது வேறம்மா. நான் பொண்ணு. எனக்குப் புட்ச்சவளும் பொண்ணு. அன்னிக்குப் புட்ச்ச அதே திவ்யாதான்."

அப்படியானால் இத்தனை பாடு எதற்கு, ஆம்பளையாகவே இருந்து அவளைக் கட்டியிருக்கலாமே என்று தாயாரம்மாள் நாள்கணக்கில் கேட்டாள். கட்டியிருக்கலாம், ஆனால் அவளோடு வாழ்வது நானாக இருந்திருக்காது என்று பூஜா சொன்னாள்.

உத்திரமேரூரில் மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்த திவ்யா, வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தாள். பூஜாவின் அடி காய்ந்து கிடந்த சேதி கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைக்கு வந்தாள்.

"எனக்கு எப்பவும் பொண்ணுங்களத்தான் புடிக்கும். உன்ன மட்டும் ஏன் புட்ச்சிதுன்னு புரியாம பயந்துகினு இருந்தேன். நீ சொன்ன அன்னிக்குதான் புரிஞ்சிது. சொல்றதுக்குள்ள நீ பஸ் ஏறிட்ட."

பூஜா செருப்பைக் கழற்றினாள். இருவரும் இறங்கி நடந்தார்கள். அக்கரை சேர்வதற்குள் தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது.

அந்தத் தண்ணீரைத் தொட மாட்டோம் என்று சிலர் சொன்னார்கள். அக்கினி நட்சத்திரம் பிறந்ததும் அவர்களும் குடத்தோடு வந்தார்கள். தாயாரம்மாள் மட்டும் குடம் கொண்டுவரவில்லை. தன் வேர்க்கடலைக் கொல்லைக்கு மண்வெட்டியால் மடை வெட்டிவிட்டு, கரையிலிருந்து கூப்பிட்டாள்.

"ரெண்டு பேரும் இந்தாண்டயா நடங்கடி, மல்லாட்டக் கொல்ல காயுது."

அவர்கள் அந்தப் பக்கமாக நடந்தார்கள்.