கிரேன் அக்கா ஏணி ஏறினாள்

கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த அந்த இடத்தில் எல்லோருக்கும் அவள் கிரேன் அக்கா. டவர் கிரேனின் உச்சியில், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து இரும்புக் கட்டுகளைத் தூக்கி வைப்பது அவள் வேலை. ஒரு நாள் காலை ஏணியில் பாதி ஏறியபோது வலது இடுப்பு கடக்கென்று மாட்டிக்கொண்டது. கம்பியைக் கட்டிப்பிடித்து, வியர்த்து வழிய, எப்படியோ இறங்கி வந்தாள்.

முதலில் பார்த்த டாக்டர் சதைப்பிடிப்பு என்று மாத்திரை கொடுத்தார். மாத்திரை தீர்ந்தது, வலி தீரவில்லை. நடக்கும்போதே இடுப்பு நழுவுவது போலிருந்தது.

"கீழ ஸ்டோர்ல உக்காருங்கக்கா, நிழலாவும் இருக்கும்" என்றார் சூப்பர்வைசர். நல்ல மனதோடுதான் சொன்னார். இனி மேலே ஏறவே முடியாதோ என்று அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

எலும்பு டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். "இடுப்புக் கிண்ணத்தோட விளிம்புல ஒரு குருத்தெலும்பு வளையம் இருக்கும்மா, குக்கர் மூடிக்கு ரப்பர் மாதிரி. அதுதான் தொடை எலும்பு நழுவாம பிடிச்சு வைக்குது. உங்களுக்கு அது கிழிஞ்சு பிரிஞ்சிருக்கு. சின்னத் துளை போட்டு எலும்போட சேர்த்துத் தச்சிடலாம்."

"மறுபடி ஏணி ஏறலாமா டாக்டர்?"

"ஏற வைக்கத்தான் தைக்கிறோம். ஆனா சத்தியம் பண்ணித் தர மாட்டேன். பாதி வைத்தியம் பயிற்சில இருக்கு."

ஆபரேஷன் முடிந்து வீடு வந்தபின் குனியக் கூடாது. பள்ளி வேன் ஓட்டும் கணவன்தான் அவளுக்குச் சாக்ஸ் மாட்டிவிட்டான்.

"மேல இருந்து எல்லாரையும் அதட்டுன ராணிக்கு நான் சாக்ஸ் போட்டுவிடறேன் பாரு."

"சிரிக்க வைக்காதீங்க. தையல் பிரிஞ்சா நீங்கதான் கிரேன் ஓட்டணும்."

ஊன்றுகோல் போனது, நடை வந்தது. ஆனால் பயிற்சிக் கூடத்தில் உயரமான பலகை மேல் வலது காலை ஊன்றி ஏறச் சொன்னால் மட்டும் உடம்பு மறுத்தது. ஒரு நாள் அழுதே விட்டாள்.

"வலிக்குதா, பயமா இருக்கா?" என்றாள் பிசியோதெரபி பெண்.

"பயம்தான்."

"அப்போ கால் தயார். என் தோளைப் பிடிச்சுக்கிட்டு ஏறுங்க."

ஏறினாள். மறுவாரம் தோள் தேவைப்படவில்லை.

டாக்டர் அனுமதி தந்ததும் வேலைக்கு வந்தாள். கீழே வேலையை நிறுத்திவிட்டு ஆட்கள் அண்ணாந்து நின்றார்கள். அவசரமில்லாமல், ஒவ்வொரு படியாக ஏறி, கண்ணாடி அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். வாக்கிடாக்கி கரகரத்தது.

"என்ன எல்லாரும் வேடிக்கை? கம்பியக் கட்டுங்கப்பா."

சிரிப்பும் கைதட்டலும் மேலே இருந்த அவளுக்கே கேட்டன. கம்பிக் கட்டு தரையை விட்டு எழுந்து, ஆட்டமில்லாமல் மேல்தளத்தில் பூப்போல உட்கார்ந்தது.

மாலையில் கணவன் வேனோடு காத்திருந்தான். "இடுப்பு வலிக்குதா?"

"இல்லைங்க," என்றாள், "பசிக்குது."